சாவு மேளத்துக்குக் கை தட்டிய டாக்டர்

ரெண்டு கொலுசையும் ஒரே காலில் மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியையே கலக்கிய என் மிருக்குட்டிக்கு,

அப்பா எழுதுகிறேன். கோபமாக எழுதுகிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அழுது அழுது எழுதியிருப்பேன் என்று நீ நினைத்தால் ஏமாந்து போவாய். அழுகையெல்லாம் உன் அத்தைமார் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியது வயிற்றெரிச்சல்தான். இதைப் பத்திரிகைக்கும் அனுப்பப் போகிறேன். உன் டாக்டர் அங்கிளுக்குத் தமிழ் வாசிக்க வராதாம். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வரி விடாமல் படித்துக் காட்டட்டும்.

முதலில் வீட்டுச் சேதி. சேகர் சித்தப்பாவின் வேன் இன்னும் ஓடுகிறது. பின்கதவு இன்னும் ரப்பர் கயிற்றில்தான் நிற்கிறது. ராஜா மாமா மறுபடியும் சிகரெட்டை விட்டுவிட்டாராம். நீ இருந்திருந்தால் சட்டைப் பையில் கையை விட்டுக் கையும் களவுமாகப் பிடித்திருப்பாய். அம்மா சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், சன்னமாகத்தான் பேசுகிறாள். வார நாளில் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், சனி ஞாயிறு வந்தால் உறுமிக்காரன், உன் அப்பனிடம் அதில் எந்த மாற்றமும் இல்லை. கிள்ளானில் கோயில் திருவிழா, கல்யாணம், கடைத்திறப்பு என்று நம் மேள செட் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. இருந்தது என்றுதான் எழுத வேண்டும். ஏன் என்று சொல்கிறேன், கேள்.

உன் டாக்டர் அங்கிள். ‘அவர்’ என்று மரியாதையாகவே எழுதுகிறேன். உனக்கு அவரைப் பிடிக்கும் என்பதால் மட்டும்தான். என் வாயில் வருவதை எழுதினால் எந்தப் பத்திரிகையும் போடாது.

வலது முட்டி வலிக்கிறது என்று நீ நொண்ட ஆரம்பித்தபோது, உன்னைத் தூக்கிக்கொண்டு அவர் அறைக்குள் போனவன் நான். முட்டியை இப்படி ஒரு அமுக்கு, அப்படி ஒரு அமுக்கு. எந்த அப்பன் போனாலும் அவருக்கு ‘போஸ்’தான், முதலாளி. “குரோயிங் பெயின்லா, போஸ். வளர்ற பிள்ளை, அப்படித்தான் வலிக்கும். டோன்ட் வொரி.” தடவுவதற்கு ஒரு தைலம், குடிப்பதற்கு ஒரு சிவப்பு மருந்து. கிளம்பும்போது டிராயரைத் திறந்து உனக்கு ஒரு தங்க நட்சத்திர ஸ்டிக்கர். நீ அதைப் பென்சில் பெட்டியில் ஒட்டிவிட்டு, நொண்டிக்கொண்டே சிரித்தாய்.

அடுத்த முறை அம்மா சொன்னாள், தூக்கத்திலிருந்து எழுந்து அழுகிறாள் டாக்டர் என்று. “அக்கா, நீங்க கூகுள் ரொம்பப் பார்க்கறீங்க” என்று சிரித்தார். அதற்கடுத்த முறை நான் கேட்டேன், எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடலாமா என்று. கேட்டேன் மிரு. நீயும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாய். “சின்னப் பிள்ளைக்கு எதுக்கு அதெல்லாம்? ஓவரா பயப்படாதீங்க போஸ்.” இன்னொரு நட்சத்திரம். உன் பென்சில் பெட்டி மூடியில் நட்சத்திரம் கூடிக்கொண்டே போனது. உன் முட்டிக்குள் அந்தச் சனியனும் வளர்ந்துகொண்டே போனது.

முட்டி வீங்கிப் பாவாடைக்கு வெளியே தெரிந்த பிறகு, சேகர் சித்தப்பாதான் யாரையும் கேட்காமல் உன்னை வேனில் ஏற்றினார். கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில், உன்னைப் பார்த்த முதல் டாக்டரம்மா முட்டியைத் தொட்டதும் எழுதிய முதல் வார்த்தை எக்ஸ்ரே. எலும்பில் கேன்சர் என்றார்கள். “ஏன் இவ்ளோ லேட்டா வந்தீங்க?” என்று அந்த அம்மா கேட்டபோது உன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். லேட்டாகவா வந்தோம்?

காலை எடுத்தார்கள். தீபாவளிக்குப் பிரிக்பீல்ட்ஸ் போய், கடை கடையாக ஏறி இறங்கி, என் கால் ஒடிய நடக்கவிட்டு நீ வாங்கிய கொலுசு தலையணைக்கு அடியில் கிடந்தது. அதை எங்கே ஒளிப்பது என்று நானும் அம்மாவும் முழித்துக்கொண்டிருக்க, நீயே எடுத்து ரெண்டையும் இடது காலில் மாட்டிக்கொண்டாய். “இப்ப சத்தம் டபுளா வருதுல்லப்பா?”

“வருதுடி தங்கம்” என்றேன். பிறகு பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன்.

அந்த நாட்களில் நம் செட்டுக்காரர்கள் செய்ததை உன்னிடம் யாரும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். நாங்கள் சாவுக்கும் அடிக்கிறவர்கள் என்று உனக்குத் தெரியும். சொல்லப்போனால் கோயில் சீசன் போக மற்ற மாதங்களில் எங்களுக்குச் சோறு போடுவதே சாவு மேளம்தான். நீ படுத்த அன்று சேகர் சித்தப்பா செட்டைக் கூப்பிட்டுச் சொன்னார். “மிரு எந்திரிச்சு வர்ற வரைக்கும் சாவு அடி கிடையாது. யாரு வீட்டுலயிருந்து போன் வந்தாலும் இல்லன்னு சொல்லு. நம்ம பிள்ளை படுத்திருக்கறப்ப நம்ம கை அந்த அடியைத் தொடக் கூடாது.” ஒருத்தன்கூட முணுமுணுக்கவில்லை. ராஜா மாமா அப்போதுதான் வேலை போய் வீட்டில் இருந்தார். அவரும் சரி என்றுதான் சொன்னார்.

உனக்கு ஞாபகம் இருக்கும், ஆஸ்பத்திரி கார் பார்க்கில் அடித்த கூத்து. தைப்பூசத்துக்குப் போக முடியவில்லை என்று நீ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாய். வார்டுக்குள் மேளம் எப்படிக் கொண்டுபோவது? நர்ஸிடம் கெஞ்சி உன்னைச் சக்கர நாற்காலியில் கீழே இறக்கினோம். எல்லாரும் வேனைச் சுற்றி நின்று, விரலாலேயே தகரத்தில் காவடி அடி. நீ காலை ஆட்டி ஆட்டி டபுள் கொலுசில் தாளம். செக்யூரிட்டி அண்ணன் ஓடி வந்தார், “பாங், தா போலே பிசிங்” என்று. சத்தம் போடக் கூடாதாம். சொல்லிவிட்டுப் பாதி வழியில் நின்று, அவரும் தொடையில் தட்ட ஆரம்பித்துவிட்டார். அன்றைக்கு நீ சிரித்த சிரிப்பை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பிறகு நுரையீரலுக்குப் போய்விட்டது. அதை எழுதமாட்டேன்.

சின்னப் பிள்ளைக்கு மேளம் வேண்டாம், சத்தமில்லாமல் எடுத்துவிடலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். சேகர் சித்தப்பா கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்றார். “அவ சொந்தக்காரங்க பிள்ளை மட்டும் இல்ல, எங்க செட்டு ஆளு. நாங்க அடிச்சுத்தான் அனுப்புவோம்.” அத்தனை நாள் தொடாத சாவு அடியை உனக்காகத் தொட்டார்கள். அழுதுகொண்டே அடித்தார்கள், தாளம் பிசகவில்லை. நான் அடிக்கவில்லை. பெற்றவன் உறுமியைத் தொடக் கூடாது, பிள்ளைக்குப் பின்னால் நடக்க வேண்டும். நடந்தேன். என் கை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கை அன்றிலிருந்து அரித்துக்கொண்டே இருந்தது மிரு, எங்கேயாவது ஓங்கி வைக்க வேண்டும் என்று.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு நாள் சாயங்காலம் சேகர் சித்தப்பா வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. போனை நீட்டினார். கிள்ளானில் ஒரு புது கிளினிக் திறப்பு விழா, அடிக்க வர முடியுமா என்று யாரோ ஒரு பெண் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள். கூடவே போஸ்டர். போஸ்டரில் பல்லெல்லாம் தெரிய உன் டாக்டர் அங்கிள். பழைய கிளினிக் பத்தவில்லையாம், ரெண்டாவது திறக்கிறாராம்.

“வேண்டாம்னு சொல்லிடவாண்ணே?” என்றார்.

“ஒத்துக்கோ” என்றேன்.

என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது. “என்ன அடிக்கப் போற?”

“மிருவுக்கு அடிச்சது.”

திறப்பு விழாவில் சாவு அடி அடித்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும், நீ மேளக்காரன் மகள். மங்கள அடி துள்ளிக்கொண்டு வரும். சாவு அடி காலை இழுத்துக்கொண்டு நடக்கும். முதல் நாலு தட்டிலேயே எந்தத் தமிழனுக்கும் இது சாவு என்று தெரிந்துவிடும். அந்த இடம் விளங்காது என்பார்கள். அடித்த செட்டை அதற்கப்புறம் ஒரு கல்யாண வீட்டுக்காரனும் வாசலில் ஏற்றமாட்டான். எல்லாம் தெரிந்துதான் சொன்னேன். ராஜா மாமாவிடமும் மற்றவர்களிடமும் சேகர் சித்தப்பாவே பேசினார். என்னிடம் திரும்பி வந்து, “எல்லாரும் ரெடி. அன்னைக்கு நீ அடிக்கல, நாங்க அடிச்சோம். இந்த வாட்டி நீ ஆரம்பி, நாங்க பின்னால வரோம்” என்றார். கூட்டாளி என்றால் இவன்தான் மிரு. நல்ல புத்தி சொல்லி என்னைத் தடுக்கவில்லை பார்.

அம்மா என் செட் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். “அந்த ஆளோட மூஞ்சியை நல்லா பார்த்துட்டு வந்து எங்கிட்ட சொல்லுங்க” என்றாள்.

வாசலில் வாழைமரம், ரிப்பன், கேக், பலூன். வேனிலிருந்து இறங்கியதும் அவரே வந்து என் தோளில் தட்டினார். “வாங்க போஸ், நல்லா சவுண்டா அடிங்க!” நேருக்கு நேர் பார்த்தார். உன்னைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் எத்தனை தடவை உட்கார்ந்திருப்பேன்? ஒரு பொட்டுகூட அடையாளம் தெரியவில்லை. சரி, என் மூஞ்சி கிடக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பிறகு மைக்கைப் பிடித்தார். நன்றி அது இது என்று இங்கிலீஷும் தமிழும் கலந்து பேசிவிட்டுக் கடைசியில் சொன்னார், “இத்தனை வருஷத்துல என்கிட்ட வந்த ஒவ்வொரு பிள்ளையோட பேரும் எனக்கு ஞாபகம் இருக்கு. ஐ நெவர் ஃபர்கெட் எ சைல்ட்.” கை தட்டினார்கள். ரிப்பன் வெட்ட வந்திருந்த அரசியல்வாதி கத்தரிக்கோலை எடுத்தார். சேகர் சித்தப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

உறுமியில் குச்சியை இழுத்தேன்.

அது ஓலமிட்டது. தப்பும் தவிலும் பின்னாலேயே வந்து சேர்ந்துகொண்டன. முன்வரிசையில் ஒரு ஆன்டி சட்டென்று தாலியைப் பிடித்துக்கொண்டார். “அடப் பாவிங்களா, என்னடா அடிக்கிறீங்க?” என்று ஒரு பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்தார். கத்தரிக்கோல் அப்படியே நின்றது. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஆட்கள் நகர ஆரம்பித்தார்கள். நான் அவரை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த முகம் சுருங்குவதைப் பார்க்கத்தானே வந்தேன்?

அவர் கை தட்டிக்கொண்டிருந்தார். தலையை ஆட்டி ஆட்டி, சிரித்துக்கொண்டே, தாளத்துக்குக் கை தட்டினார்! எது சாவு அடி, எது கல்யாண அடி என்று அந்த மனிதருக்குத் தெரியவே தெரியாது. என் பழி அந்த வாசலில் இருந்த எல்லாருக்கும் உறைத்தது, அவர் ஒருத்தருக்கு மட்டும் உறைக்கவில்லை.

கை அடிப்பதை நிறுத்தவில்லை மிரு. முதலில் அவருக்காகத்தான் அடித்தேன். பாதியில் உனக்காக அடித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அடிக்க முடியாததை எல்லாம் அடித்து முடித்துவிட்டுத்தான் குச்சியை இறக்கினேன். கண்ணெல்லாம் தண்ணீர். நேரே போய் மைக்கை வாங்கினேன்.

“டாக்டர், எல்லாப் பிள்ளை பேரும் ஞாபகம் இருக்குன்னு சொன்னீங்க. மிருதுளா ஞாபகம் இருக்கா?”

“ஓ, மிருதுளா!” என்றார், சிரிப்பு கொஞ்சமும் குறையாமல். “ஹவ் இஸ் ஷி? பெரிய பொண்ணா வளர்ந்திருப்பாளே?”

“இல்ல டாக்டர். வளரல. வளர்ற வலின்னு சொல்லி அனுப்பினீங்க, அதோட வளரவே இல்ல. செத்துட்டா. இப்ப நீங்க கை தட்டினது அவ சாவுக்கு அடிச்ச மேளம்.”

மைக்கைப் பிடுங்க ரெண்டு பேர் வந்தார்கள். சேகர் சித்தப்பா குறுக்கே போய் நின்றார். “பேசட்டும்லா” என்றார், அவ்வளவுதான். முட்டி, தைலம், சிவப்பு மருந்து, நான் கேட்ட எக்ஸ்ரே, ஒவ்வொரு நட்சத்திரமும், ஒன்றையும் விடாமல் சொன்னேன். சொல்லி முடித்து மைக்கை கேக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வேனில் ஏறினோம். வேன் ஃபெடரல் ஹைவேயில் ஏறியது. பிறகு ராஜா மாமா ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். அன்றைக்கு யாரும் அவரைத் திட்டவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள், “மூஞ்சி எப்படி இருந்துச்சு?”

“மொதல்ல கை தட்டினார். அப்புறம் வேர்த்துச்சு.”

“அழுதாரா?”

“இல்ல.”

“பத்தாது” என்றாள் உன் அம்மா. உன் மைகிட் கார்டை, உன் அடையாள அட்டையை, அலமாரியிலிருந்து எடுத்து என் கையில் வைத்தாள். “அவ பேரு அவங்க கம்ப்யூட்டர்ல இன்னும் இருக்கும். போங்க, நம்பர் எடுங்க. உங்க பேர்ல இல்ல, அவ பேர்ல.” சன்னமாகப் பேசுகிறவள் என்று எழுதினேன் அல்லவா? அவளைப் பார்த்து எனக்கே பயமாகிவிட்டது.

போகிறேன். மாதம் பிறந்தால் அவர் கிளினிக்குக்குப் போய்விடுகிறேன். முதல் தடவை கவுண்டரில் இருந்த பெண், “பேஷண்ட் எங்க அங்கிள்?” என்றாள். “அவளால வர முடியாதும்மா, நான் அவ அப்பா” என்றேன். பாவம், பதிந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் சத்தமாகக் கூப்பிட்டாள், “மிருதுளா ஏ பி மணியம், ரூம் ஒன்.” ஏ பி என்றால் இன்னார் மகள். காத்திருந்த தாய்மார்கள் எல்லாம் எந்தப் பிள்ளை எழுந்திருக்கிறது என்று பார்த்தார்கள். தலை நரைத்த நான் எழுந்து போனேன். எத்தனை நாளாகிவிட்டது, உன் பேரை இப்படி ஊர் கேட்கக் கூப்பிட்டு!

அன்றைக்கு டாக்டர் போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். “கூப்பிடுங்க, என்ன வியாதின்னு கேட்டா எலும்பு கேன்சர்னு எழுதச் சொல்லுங்க” என்றேன். கூப்பிடவில்லை. அதற்கடுத்த மாதம் என்னைப் பார்க்காமல் உன் பேர் தெரிகிற கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். போன மாதம், நான் உட்கார்ந்ததும், “எந்தக் கால்?” என்று கேட்டார்.

“வலது.”

“எக்ஸ்ரேக்கு அனுப்பியிருக்கணும்” என்றார்.

“அது எனக்கு அன்னைக்கே தெரியும் டாக்டர்” என்றேன்.

வெளியே கவுண்டர் பெண் ரகசியமாகச் சொன்னாள், “இப்பல்லாம் கால் வலின்னு எந்தப் பிள்ளை வந்தாலும் எக்ஸ்ரேக்கு எழுதிடறாரு அங்கிள்.” நல்லது. அந்தப் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும். அதற்காக அப்பா மன்னித்துவிட்டார் என்று நினைத்துக்கொள்ளாதே. நீ மன்னித்திருப்பாய், உனக்கு அந்த மனசு. எனக்கு இல்லை, வரவும் வேண்டாம்.

இதற்கு நாங்கள் கொடுத்த விலையையும் சொல்லிவிடுகிறேன். அன்றைய மேளம் வீடியோவாக ஊர் முழுக்கப் போனது. ஒத்துக்கொண்டிருந்த கல்யாணங்கள் எல்லாம் கையை விட்டுப் போயின. கோயிலில் வேறு செட் அடிக்கிறது. இப்போது எங்களைக் கூப்பிடுவது சாவு வீடுகள் மட்டும்தான். நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சேகர் சித்தப்பாவிடம் போய் நின்றபோது, “போனாப் போவுதுலா. மிருவுக்கு அடிச்ச கை, யாருக்கு வேணும்னாலும் அடிக்கும்” என்றார். போய் அடிக்கிறோம். பிள்ளையைப் பறிகொடுத்த வீடு என்றால் ராஜா மாமா மேளத்தை இறக்குவதற்கு முன்னால் உள்ளே போய் அந்த அப்பனுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறார்.

கடைசியாக ஒன்று. அந்த அறையை விட்டு எழுந்திருக்கும் ஒவ்வொரு தடவையும் நான் கையை நீட்டுகிறேன். “ஸ்டிக்கர் எங்க டாக்டர்? மிரு வந்தா குடுப்பீங்களே?” அவர் டிராயரைத் திறக்கிறார். தங்க நட்சத்திரத்தை உரித்து என் உள்ளங்கையில் வைக்கிறார்.

அதை வீட்டுக்குக் கொண்டுவந்து உறுமியில் ஒட்டுகிறேன். அம்மா பக்கத்தில் நின்று, கோணலாக இருந்தால் சரி செய்கிறாள். அந்த ஆள் டாக்டர் வேலையை விட்டு, வெள்ளைக் கோட்டைக் கழற்றி வீட்டில் உட்காரும் வரைக்கும் நான் போவேன் மிரு, இது உன் மேல் சத்தியம். உன் பேரைக் கூப்பிடுவார்கள், நான் எழுந்து நிற்பேன். உறுமியில் இடம் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று சேகர் சித்தப்பாவிடம் கேட்டேன். தன் தப்பு மேளத்தைத் துடைத்து என்னிடம் நீட்டினார். “இதுல ஒட்டுண்ணே” என்றார்.

இப்படிக்கு,
கொலுசுக்காரியின் அப்பன்,
உறுமிக்கார மணியம்